ஆக்கப் பொறுத்தோம், ஆறவும் பொறுப்போம்

(தோட்டத்து இளைஞர்களும் பெற்றோரும் கூடிய மாதாந்தக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்தக் கூட்டத்தில் நாங்கள் குடிதண்ணீர், மலசலகூடம், பிள்ளை மடுவம், சேமலாப நிதி என்றுதான் பேசுவோம். இன்றைக்கு யாழ்ப்பாணத்தில் பார்த்த ஒரு பழைய காரைப் பற்றிப் பேசப் போகிறோம். "நலன்புரிக்காரருக்கு வேறு வேலை இல்லையா?" என்று பின்னால் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்கிறது. சிரியுங்கள், பரவாயில்லை. ஆனால் கடைசி வரைக்கும் இருந்து கேட்டுவிட்டுப் போங்கள்.

முதலில் ஒரு உண்மையை ஒத்துக்கொள்கிறோம். 2023 ஆம் ஆண்டு நல்லூர்த் திருவிழாவுக்கு நம்ம பிரிவிலிருந்து வாடகை வேன் பிடித்துக்கொண்டு போனது பலருக்கு ஞாபகம் இருக்கும். போன பயணம் நல்ல பயணம். திரும்பி வரும்போது, புசல்லாவை தாண்டி றம்பொடை ஏற்றத்தில், வேன் கொதித்துவிட்டது. விடியற்காலை. பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தில் அழுகிறார்கள். காலையில் பெரட்டுக்கு நிற்க வேண்டியவர்கள் நேரத்தைப் பார்க்கிறார்கள். வேனில் உதவிக்கு வந்த நம்ம தோட்டத்துப் பொடியன், 19 வயது, முன் ஆசனத்தைத் தூக்கி, ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகினான். மூடி பறந்தது. கொதிதண்ணியும் ஆவியும் கழுத்திலும் நெஞ்சிலும் வலது கையிலும் அடித்தது.

"சீக்கிரம் திறந்து தண்ணியை ஊத்துப்பா, நேரமாகுது" என்று அவனிடம் சொன்னவர்களில் நாங்களும் ஒருவர். நலன் பார்க்கிற உத்தியோகத்தில் இருக்கிற நாங்களே அப்படிச் சொன்னோம். அதற்குப் பிறகு யாரோ பற்பசை பூசினார்கள், யாரோ எண்ணெய் தடவினார்கள். நாங்கள் தடுக்கவில்லை. அந்தத் தம்பி பல வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். தோல் இழுத்துப் பிடித்ததால் வலது கையை இன்னமும் தோளுக்கு மேலே முழுசாகத் தூக்க முடியாது. இன்றைக்கு இங்கே பின் வரிசையில்தான் இருக்கிறார். அவரிடமும் அவருடைய அம்மாவிடமும் கேட்டு, அவர்கள் சரி என்று சொன்ன பிறகுதான் இதைப் பேசுகிறோம்.

கல்யாணத்துக்கு வந்த மொறிஸ் மைனர்

அடுத்த வருஷம், 2024 இல், நம்ம தோட்டத்துப் பிள்ளை ஒன்றை யாழ்ப்பாணத்தில் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணத்துக்கு நாங்களும் போயிருந்தோம். மாப்பிள்ளை, பொம்பிளை ஏறுவதற்கு ஒரு மொறிஸ் மைனர் கார் வந்தது. பெரியவர்களுக்குத் தெரியும், ஆமை ஓடு மாதிரி முதுகு வளைந்த சின்னக் கார். இங்கிலாந்தில் 1948 இல் வந்து 1970களின் தொடக்கம் வரை செய்தார்கள். பத்து இலட்சத்துக்கும் மேலே செய்த கார்.

மேளமும் நாதஸ்வரமும் முன்னே போக, நட்ட நடு மத்தியான வெயிலில் அந்தக் கார் ஊர்ந்து ஊர்ந்து வந்தது. நடக்கிற ஆளைவிட மெதுவாக. ஒரு மணித்தியாலம் அப்படி வந்தும் கொதிக்கவில்லை. நாங்கள் கழுத்தை நீட்டி நீட்டி, எந்த நேரம் புகை வருமோ என்று பார்த்துக்கொண்டே நடந்தோம். றம்பொடையில் பட்ட பயம் விடுமா? கோவில் வாசலில் கார் நின்றது, இஞ்சின் நின்றது. ஆனால் உள்ளே மட்டும் 'ஊம்' என்று ஒரு காத்தாடி கொஞ்ச நேரம் ஓடி, தானாகவே நின்றது. எங்களுக்கு ஆச்சரியம். மறுநாள் அந்தக் காரைப் பராமரிக்கிற கராஜைத் தேடிப்போனோம். கோண்டாவில் பக்கம், ஒரு வேப்ப மரத்துக்குக் கீழே தகரக் கூரை போட்ட சின்னக் கராஜ்.

கராஜ்காரருக்கு ஐம்பது வயது நெருங்கும். எங்கிருந்து வருகிறோம் என்று சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டு எழும்பி வந்தார். "ஐயா, எங்கட அப்பா அம்மாவும் தோட்டத்து ஆக்கள்தான். 77 கலவரத்துக்குப் பிறகு கிளிநொச்சிக்கு வந்தவை. அம்மா இப்பவும் வீட்டை லயம் எண்டுதான் சொல்லுவா" என்றார். அதற்குப் பிறகு தேத்தண்ணி குடிக்காமல் விடவில்லை. குடிக்கும்போது அவரே சொன்னார், "தேயிலை உங்கட. தண்ணிதான் சரியில்லை" என்று. அந்தத் தண்ணிக் கதைக்குப் பிறகு வருவோம்.

மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள்

யாழ்ப்பாணத்தில் ஏன் இத்தனை பழைய கார்? ஒஸ்டின் ஏ40, ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் என்று ஒரு காலத்தில் இலங்கை முழுக்க ஓடிய கார்கள்தான் இவை. நம்ம மலையிலும் துரைமார் இவற்றில் வந்து போனதைத் தாத்தாமார் சொல்லுவார்கள். மொறிஸ் ஒக்ஸ்போர்ட்டின் அச்சில்தான் இந்தியாவில் அம்பாசிடர் கார் செய்தார்கள், 2014 வரைக்கும். மற்ற இடங்களில் புதுசு வரப் பழசு போய்விட்டது. யாழ்ப்பாணத்தில் புதுசு வர வழியில்லாமல் போனது.

1990 ஜூனில் மறுபடி யுத்தம் தொடங்கியபோது குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பாதை மூடப்பட்டது. பெற்றோல் கொண்டுபோகத் தடை. உதிரிப்பாகம், பற்றரி எதுவும் போகவில்லை. ஜாம் போத்தலில் கொஞ்ச மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்டு விளக்கு எரித்தார்கள். சைக்கிள் டைனமோவை மிதித்து ரேடியோ கேட்டார்கள். அந்தக் காலத்தில் இந்தப் பழைய கார்கள்தான் நோயாளியையும் பிள்ளைத்தாய்ச்சியையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவை. எதில் ஓடின? மண்ணெண்ணெயில்.

மண்ணெண்ணெய் குளிர்ந்த இஞ்சினில் ஆவியாகாது. ஆகவே சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, இஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். கறுப்புப் புகை கக்கும், 'டக் டக்' என்று தட்டும், ஆனாலும் போகும். பன்னிரண்டு பதின்மூன்று வயதில் கராஜில் சேர்ந்த நம்ம கராஜ்காரர் வேலை பழகியதும் இந்தக் கார்களில்தான். தண்ணிக் குழாய் வெடித்தால் மாற்றக் குழாய் கிடையாது. சைக்கிள் டியூபை வெட்டி இறுக்கிச் சுற்றிக் கம்பியால் கட்டுவார்களாம். "அப்ப அது கெட்டித்தனம் ஐயா. இப்பவும் அப்படிக் கட்டினா அது சோம்பேறித்தனம்" என்றார் அவர்.

2002 இல் ஏ9 பாதை திறந்தது, 2006 இல் மூடியது, 2009 இல் மறுபடி திறந்தது. புது வாகனங்கள் வந்தன. ஆனால் பழைய காரை வைத்திருந்தவர்கள் அவ்வளவு சுலபமாக விற்கவில்லை. 2020 இல் நாட்டுக்கே வாகன இறக்குமதி நின்று, 2025 வரை தனியாருக்குக் கார் வராமல் இருந்தபோது, பழசைக் காப்பாற்றி வைத்தவர்களைப் பார்த்து மற்றவர்கள் பொறாமைப்பட்டார்கள். இன்றைக்கு அவற்றில் சில கல்யாணக் கார்களாக ஓடுகின்றன. நாங்கள் பார்த்ததும் அப்படி ஒன்று.

இஞ்சினும் தண்ணியும்

இஞ்சினுக்கு ஏன் தண்ணி என்று சின்னப் பிள்ளைகள் கேட்கலாம். உள்ளே எண்ணெய் எரிந்து வருகிற சூட்டில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்றுகிறது. மிச்சம் வெளியே போக வேண்டும். தண்ணி இஞ்சினைச் சுற்றி ஓடிச் சூட்டை எடுத்துக்கொண்டு, மேல் குழாய் வழியாக ரேடியேட்டருக்கு வரும். அங்கே காத்துப் பட்டு ஆறி, கீழ்க் குழாய் வழியாகத் திரும்ப இஞ்சினுக்குப் போகும். கார் வேகமாக ஓடும்போது காத்து தானாக வரும். ஊரும்போதும் நிற்கும்போதும் காத்தாடிதான் காத்தை இழுக்க வேண்டும்.

நம்ம பெக்டரி மாடியில் கொழுந்து வாட்டும் தொட்டியைப் பார்த்திருக்கிறீர்கள். காத்தாடி நின்றால் கொழுந்து என்னவாகும்? சூடேறிச் சிவந்துவிடும். ரேடியேட்டரும் அப்படித்தான்.

அந்தப் பழைய காரில் காத்தாடி இஞ்சினோடு பெல்ட்டில் பூட்டியிருக்கும். இஞ்சின் வேகமாகச் சுற்றினால் காத்தாடியும் வேகம். இஞ்சின் மெதுவானால் காத்தாடியும் மெது. இதில் ஒரு கோளாறு இருக்கிறது. கார் வேகமாகப் போகும்போது காத்தாடி தேவையே இல்லை, ஆனால் அது பறக்கும். மேளத்துக்குப் பின்னால் ஊரும்போதுதான் தேவை, அப்போது அது தூங்கும். அதனால்தான் கல்யாண ஊர்வலத்தில் பழைய கார்கள் கொதிக்கும். சொந்தக்காரர் கேட்டுக்கொண்டபடி கராஜ்காரர் குழாய்களை மாற்றி, மின்சாரக் காத்தாடி ஒன்றையும் பூட்டியிருக்கிறார். எப்படிச் செய்தார் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார்.

முதலில் கழுவினார்

காத்தாடிக்கு முன்னால் அவர் தொட்டது ரேடியேட்டரை. யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது என்றே சொல்லலாம், எல்லாம் கிணற்றுத் தண்ணி. நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல். தண்ணியில் சுண்ணாம்பு கரைந்திருக்கும். கேத்தலில் வெள்ளையாகப் படிவது போல ரேடியேட்டரின் மெல்லிய குழல்களிலும் படியும். படிந்த சுண்ணாம்பு சூட்டை வெளியே விடாது, தண்ணியையும் ஓட விடாது. அவர் ரேடியேட்டரைக் கழற்றி, தலைகீழாகப் பிடித்து, கீழ்ப் பக்கத்திலிருந்து தண்ணி அடித்துக் கழுவி, அடைத்திருந்த குழல்களைத் துப்பரவாக்கிய பிறகுதான் மற்ற வேலையைத் தொடங்கினார். இப்போது கிணற்றுத் தண்ணி ஊற்றுவதே இல்லை. வடித்த தண்ணியும் கூலன்டும் கலந்து விடுகிறார்.

நம்ம மலைத் தண்ணி மெதுவான தண்ணி. அந்த விஷயத்தில் நாம் அதிர்ஷ்டசாலிகள். ஆனாலும் வெறும் தண்ணி துருப் பிடிக்க வைக்கும். கூலன்ட் துருவைத் தடுக்கும். ஒரு எச்சரிக்கை: பெரும்பாலான கூலன்ட் நஞ்சு, அதோடு இனிப்பாகவும் இருக்கும். பிள்ளைகளோ நாயோ நக்கிவிடலாம். சோடாப் போத்தலில் ஊற்றி வீட்டில் வைக்கக் கூடாது.

மூன்று குழாய்கள்

மொறிஸ் மைனரில் மூன்று தண்ணிக் குழாய்கள் முக்கியம். மேல் குழாய், கீழ்க் குழாய், மூன்றாவது தண்ணிப் பம்புக்கும் இஞ்சின் தலைக்கும் நடுவில் விரல் நீளத்தில் ஒரு குட்டிக் குழாய். அந்தக் குட்டிக் குழாயை மாற்றுவது பெரிய உபத்திரவம். இஞ்சின் தலையைக் கழற்றாமல் நேரான குழாயை உள்ளே நுழைக்க முடியாது. ஆகவே மடிப்பு மடிப்பாக உள்ள குழாயை நசுக்கி நுழைக்கிறார்கள். கஷ்டமென்று பலர் இதை மாற்றாமல் விடுவார்கள். கடைசியில் அதுதான் வழியில் வெடிக்கும்.

ரப்பர் குழாய் வெளியே நல்லாக இருக்கும், உள்ளே இருந்துதான் வெடிக்கத் தொடங்கும் என்று சொன்னார். அதைப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. இஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, கிளிப்புக்குப் பக்கத்தில் இரண்டு விரலால் நசுக்குங்கள். நடுப் பகுதி உறுதியாக இருந்து, ஓரம் மட்டும் மெத்தென்று பஞ்சு போல இருந்தால் உள்ளே கிழிந்திருக்கிறது. நசுக்கும்போது நொறுநொறு என்றால் காய்ந்துவிட்டது. ஊதிப் பருத்திருந்தால் எண்ணெய் பட்டிருக்கிறது. மூன்றில் எது இருந்தாலும் மாற்ற வேண்டும்.

கீழ்க் குழாயில் இன்னொரு விஷயம். பம்பு அந்தக் குழாயிலிருந்து தண்ணியை உறிஞ்சுகிறது. குழாய் மெலிந்துபோனால், நாம் ஸ்ட்ரோவில் பலமாக உறிஞ்சும்போது அது ஒட்டிக்கொள்வதுபோல, வேகமாக ஓடும்போது குழாய் ஒட்டித் தண்ணி நின்றுவிடும். நிறுத்திப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. சில கார்களில் அதற்காகவே உள்ளே ஒரு சுருள் கம்பி வைத்திருப்பார்கள். குழாய் மாற்றும்போது அந்தக் கம்பியைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது.

புதுக் குழாய்க்கு அவர் மேலேயும் கீழேயும் சிலிக்கன் குழாய் போட்டிருக்கிறார். சாதாரண ரப்பரைவிடக் கூடிய சூடு தாங்கும், நீண்ட காலம் வரும், விலையும் கூட. ஆனால் எண்ணெயும் பெற்றோலும் பட்டால் கெட்டுவிடும். கிளிப்பின் பல் மெத்தென்ற சிலிக்கனை வெட்டிவிடும் என்பதால், உட்பக்கம் வழுவழுப்பான கிளிப் போட்டிருக்கிறார். "காசு இல்லாட்டி நல்ல ரப்பர் குழாயே போதும் ஐயா. அளவும் வளைவும் சரியா இருக்கோணும். நேர்க் குழாயை வளைச்சுப் போட்டா மடிஞ்சு தண்ணி நிண்டுபோம்" என்றார். கிளிப்பை இறுக்கியதோடு வேலை முடியாது. ஒரு தரம் சூடாகி ஆறிய பிறகு மறுபடி இறுக்க வேண்டும்.

பழையபடி தேர்மோஸ்டாட்டும் போட்டிருந்தார். தண்ணி சூடாகிற வரைக்கும் ரேடியேட்டருக்குப் போகும் வழியை மூடி வைத்து, சூடானதும் திறந்து விடுகிற கதவு அது. வெப்பமான ஊருக்கு 74 பாகையில் திறப்பது. "சூடான ஊரில் இது தேவையில்லை" என்று கழற்றி எறிகிற பழக்கம் எங்கேயும் உண்டு. எறிந்தால் இஞ்சின் குளிராகவே ஓடித் தேயும், எண்ணெயும் கூடக் குடிக்கும்.

கங்காணி வேலை செய்யும் ரிலே

இப்போது காத்தாடி. காத்தாடி மோட்டாருக்கு எட்டு, பத்து ஆம்பியர் மின்சாரம் தேவை. பழைய காரின் டைனமோ வேகமாக ஓடினாலே இருபது ஆம்பியர் சுமார்தான் தரும். இஞ்சின் மெதுவாகும்போது ஒன்றும் தராது என்றே சொல்லலாம். காத்தாடி தேவைப்படுவதோ மெதுவாகும்போது. ஆகவே டைனமோவை எடுத்துவிட்டு அல்டர்நேட்டர் பூட்டினார். அடுத்தது, இந்தப் பழைய ஆங்கிலக் கார்களில் பற்றரியின் கூட்டல் முனைதான் உடம்பில் பூட்டியிருக்கும். இன்றைய வாகனங்களில் கழித்தல் முனை. அதையும் மாற்றி, இக்னிஷன் கொயிலின் வயர்களையும் இடம் மாற்றினார்.

காத்தாடியை யார் ஓட்டுவது? மேல் குழாயை நடுவில் வெட்டி, ஒரு உலோகத் துண்டைப் பூட்டி, அதில் சூட்டு சுவிட்சை வைத்திருக்கிறார். தண்ணி 90 பாகை சுமார் வந்ததும் சுவிட்ச் போடும். 85க்கு இறங்கியதும் நிறுத்தும். ஏன் இரண்டு கணக்கு? ஒரே கணக்கு என்றால் காத்தாடி நிமிஷத்துக்கு நூறு தரம் ஓடி ஓடி நின்று சுவிட்ச் கருகிவிடும்.

அந்தச் சின்னச் சுவிட்ச் பத்து ஆம்பியரைத் தாங்காது. அதனால் நடுவில் ரிலே என்று ஒரு சின்னப் பெட்டி. நம்ம ஆளுங்களுக்குப் புரிகிற மாதிரிச் சொல்கிறோம். மணி அடிக்கிறவர் கொழுந்து சுமப்பதில்லை. மணிச் சத்தம் கேட்டுக் கங்காணி ஆட்களை அனுப்புகிறார். சூட்டு சுவிட்ச் மணி, ரிலே கங்காணி, பற்றரியிலிருந்து தடித்த வயரில் போகிற மின்சாரம்தான் சுமக்கிற ஆள். அந்தத் தடித்த வயரில் பற்றரிக்குப் பக்கத்திலேயே ஒரு பியூஸ் கட்டாயம். இல்லாவிட்டால் வயர் உரசிய ஒரு நாளில் கார் எரியும். ஓட்டுகிறவர் கையாலும் போடுவதற்கு உள்ளே ஒரு தனிச் சுவிட்ச் வைத்திருக்கிறார்.

இரண்டு இடத்தில்தான் எல்லோரும் பிழை விடுகிறார்கள் என்று சொன்னார். ஒன்று, சூட்டு சுவிட்ச் பூட்டிய உலோகத் துண்டுக்கு இரண்டு பக்கமும் ரப்பர். மின்சாரம் உடம்புக்குத் திரும்பிப் போக வழியில்லை. அதிலிருந்து ஒரு வயரை உடம்புக்குப் பூட்ட வேண்டும். மறந்தால் எவ்வளவு சூடானாலும் காத்தாடி ஓடாது. இரண்டு, மோட்டாரின் வயர் இடம் மாறினால் காத்தாடி எதிர்ப் பக்கம் சுற்றும். எங்கோ ஒரு கராஜில் இப்படிப் பூட்டிய காரில் ஒரு மாப்பிள்ளை போனாராம். காத்தாடி நன்றாகத்தான் ஓடியது, ஆனால் காத்தை முன்னுக்குத் தள்ளியது. கோவில் வாசலில் கார் கொதித்து, பட்டு வேட்டியோடு மாப்பிள்ளை இறங்கித் தள்ளினாராம்.

இதைக் கண்டுபிடிக்கக் காசு செலவில்லாத சோதனை ஒன்று செய்து காட்டினார். காத்தாடி ஓடும்போது ரேடியேட்டரின் முன் பக்கம் ஒரு தாளைப் பிடித்தார். தாள் ஒட்டிக்கொண்டது. ஒட்டினால் சரி. பறந்து விழுந்தால் வயர் மாறியிருக்கிறது.

கோவில் வாசலில் இஞ்சின் நின்ற பிறகும் காத்தாடி ஓடியதற்குக் காரணமும் இப்போது விளங்கியிருக்கும். தண்ணி இன்னும் சூடாக இருந்தது. மின்சாரக் காத்தாடி உள்ள எந்த வண்டியிலும், சாவியை எடுத்துவிட்டோம் என்று நினைத்து உள்ளே கையை விடாதீர்கள். எந்த நேரமும் ஓடத் தொடங்கலாம். முந்தானை, சால்வை, தொங்குகிற துணி எல்லாம் கவனம்.

மலையில் தண்ணி சீக்கிரம் கொதிக்கும்

வெளிக்கிடும்போது அவரிடம் றம்பொடைக் கதையைச் சொன்னோம். எங்கள் பங்கையும் மறைக்காமல் சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். தன்னுடைய முழங்கையைத் திருப்பிக் காட்டினார். அதிலும் பழைய தழும்பு. "கார் கொதிக்கிறது பெரிய விஷயமில்லை ஐயா. கார் நிண்டா நிக்கட்டும். மூடியைத் திறக்கிறதுதான் ஆபத்து" என்றார்.

ஏன் ஆபத்து? ரேடியேட்டர் மூடி வெறும் மூடி இல்லை, பிரஷர் குக்கர் மூடி மாதிரி. யாழ்ப்பாணம் கடல் மட்டத்தில் இருக்கிறது, அங்கே திறந்த பானையில் தண்ணி 100 பாகையில் கொதிக்கும். நுவரெலியா ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரம், அங்கே 94 பாகையிலேயே கொதித்துவிடும். அதனால்தான் நம்ம பக்கம் பருப்பு வேக நேரமெடுக்கிறது. இதில் மூடி என்ன செய்கிறது? 7 இறாத்தல் அழுத்தம் பிடிக்கிற பழைய மூடியே கொதிநிலையை 11 பாகைக்கும் மேலே ஏற்றிவிடும். புதிய வண்டிகளில் அதைவிடக் கூட. ஆகவே உள்ளே தண்ணி 105 பாகையில் கொதிக்காமல் காத்திருக்கிறது. மூடியைத் திறந்த கணத்தில் அழுத்தம் போகிறது, அவ்வளவும் ஒரே நேரத்தில் கொதித்து வெளியே பாய்கிறது. துணி சுற்றினால் அது தடுக்காது. மலையில் திறந்தால் கடற்கரையைவிட இன்னும் மோசமாகப் பாயும்.

இதைக் கேட்டபோதுதான், அன்றைக்கு அந்தப் பொடியன் விட்ட பிழை ஒன்றுமில்லை என்று எங்களுக்கு விளங்கியது. அவசரப்படுத்தியது நாங்கள்.

நாம் செய்ய வேண்டியது

வண்டி ஏற்றத்தில் சூடேறினால், சூட்டு முள் மேலே போகும்போதே ஒதுக்கி நிறுத்துங்கள். சக்கரத்துக்குக் கல் வையுங்கள். ஆவி வந்தால் இஞ்சினை நிறுத்துங்கள். பயணிகளை இறக்கி, பிள்ளைகளைத் தூரமாக வையுங்கள். குறைந்தது அரை மணித்தியாலம் காத்திருங்கள். மேல் குழாயைத் தொட்டுப் பார்த்தால் கை தாங்கக் கூடிய அளவுக்கு ஆறியிருக்க வேண்டும், நசுக்கினால் மெத்தென்று இருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மூடி. முகத்தைத் திருப்பிக்கொண்டு, முதல் தடுப்பு வரைக்கும் மெதுவாகத் திருகி, சத்தம் அடங்கிய பிறகு முழுசாகத் திறக்க வேண்டும். கொதித்த இஞ்சினில் பச்சைத் தண்ணியை ஒரேயடியாக ஊற்றினால் இஞ்சின் தலை வெடித்துவிடும்.

வண்டி வைத்திருக்கிற தம்பிமாருக்கு: கையில் காசு குறைவென்றால் முதலில் மூடியையும் குழாய்களையும் கிளிப்புகளையும் பாருங்கள். பிறகு ரேடியேட்டரைக் கழுவுங்கள். காத்தாடி வேலை கடைசி. ஓட்டோக்களில் பெரும்பாலானவற்றில் தண்ணி இல்லை, காத்தில்தான் ஆறுகின்றன. அவற்றில் இஞ்சினின் செதில்களில் ஒட்டிய சேற்றைக் கழுவினாலே போதும்.

தாய்மாருக்கு: கொதிதண்ணி பட்டால், வண்டியானாலும் அடுப்பானாலும், ஓடுகிற பச்சைத் தண்ணியில் இருபது நிமிஷம் பிடிக்க வேண்டும். மோதிரம், வளையல், இறுகிய உடுப்பைக் கழற்றுங்கள். தோலோடு ஒட்டியதை இழுக்காதீர்கள். பற்பசை, எண்ணெய், மை, தேயிலைச் சாறு எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். சுத்தமான துணியால் தளர்வாக மூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். தோட்டத்துப் பாதையில் ஏற முடியாவிட்டால் பிரதான பாதைக்கு யார் எப்படிக் கொண்டுவருவது என்று லயத்துக்கு லயம் இப்போதே பேசி வையுங்கள்.

இனிமேல் நம்ம பிரிவிலிருந்து யாத்திரைக்கோ கல்யாணத்துக்கோ வாடகை வண்டி பிடித்தால், புறப்படும் முதல் நாள் குழாய், மூடி, தண்ணி மூன்றையும் பார்ப்பது என்று இந்தக் கூட்டத்தில் முடிவெடுக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். அதைப் பார்க்க ஒரு ஆளும் வேண்டும். அந்த வேலையை யார் செய்வது என்று யோசித்தபோது, பின் வரிசையில் இருக்கிற தம்பியே "நான் பார்க்கிறேன்" என்று சொல்லியிருக்கிறார். கோண்டாவில் கராஜ்காரரும் அவரை ஒரு மாதம் வந்து நிற்கச் சொல்லியிருக்கிறார். தங்க இடமும் சாப்பாடும் தன் பொறுப்பு என்றார். "தோளுக்கு மேல தூக்காத கையால குழாய் நசுக்கிப் பாக்கலாம்தானே" என்று அவர் கேட்டதை அப்படியே தம்பியிடம் சொன்னோம். அவர் சிரித்தார். வேனில் நடந்ததற்குப் பிறகு அவர் சிரித்து நாங்கள் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை என்று நம்ம பெரியவர்கள் சோற்றுக்குச் சொன்னார்கள். மலை ஏறுகிற வண்டிக்கும் அதே சொல்தான். பெரட்டுக்கு அரை மணித்தியாலம் பிந்தினால் நாங்கள் வந்து கணக்கப்பிள்ளையிடம் பேசுகிறோம். அது எங்கள் பொறுப்பு. மூடியை மட்டும் ஆறவிட்டுத் திறவுங்கள்.